ரயிலடிக் கொல்லைக்கு யார் சொந்தக்காரர்?

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். கார்த்திகையில் அடைமழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு வாரத்தில் ஆரம்பித்தது. இடம், திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய ஒரு கிராமம். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

எனக்கு ஊர் விழுப்புரம். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தனியார் சர்வே ஆபீசில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். ரோடு, கால்வாய், தொழிற்சாலை எது வருவதாக இருந்தாலும் முதலில் எங்களைப் போன்றவர்கள்தான் போய் இடத்தைப் பார்ப்போம். அளந்து, படம் போட்டு, அக்கம்பக்கத்து ஜனங்களிடம் பேசி, ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுப்போம். முடிவு எடுப்பவர்கள் வேறு எங்கோ இருப்பார்கள். அவர்களை நான் பார்த்ததுகூடக் கிடையாது.

அந்த வருடம் எங்களுக்கு வந்த வேலை கொஞ்சம் புதுசு. ரயில் பெட்டிகளைக் கழுவி, அடிப்பக்கம் சோதித்து, சக்கரமும் பிரேக்கும் பார்த்து மறுபடி ஓட அனுப்புவதற்கு ஒரு பணிமனை கட்டலாமா என்று யோசனை. யோசனை மட்டும்தான். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும், அதைத் தாண்டியும், பாதையோரமாக மூன்று இடம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். எது முதல், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று நாங்கள் வரிசை போட்டுத் தர வேண்டும்.

கேட்க சுலபமாக இருக்கும். ஒரு முழு ரயில் நீட்டி நிற்கிற அளவுக்கு நிலம் வேண்டும். வளைவு கூடாது, மேடுபள்ளம் கூடாது. ஆள் கீழே இறங்கி நின்று பெட்டியின் அடியில் வேலை செய்ய நீளமாகப் பள்ளம் கட்டுவார்கள், அதனால் தோண்டினால் பாறை வரக் கூடாது. பெட்டி கழுவத் தண்ணீர் வேண்டும், லாரி வர ரோடு வேண்டும். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் பார்த்த இடம் எல்லாவற்றுக்கும் வசதி, ஆனால் தாழ்வு. மழை பெய்தால் ஒரு மாதம் தண்ணீர் நிற்கும். மயிலம் பக்கத்து இடத்தில் ஓரடி தோண்டினால் பாறை. மூன்றாவதுதான் இந்த ஒலக்கூர் பக்கத்து நிலம். அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேரான பாதை, பக்கத்திலேயே சமமான மேட்டு நிலம். மேட்டு நிலத்தை இந்தப் பக்கத்தில் கொல்லை என்பார்கள். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போனது. நான் கொஞ்சம் முந்திரிக்கொட்டை. மனசுக்குள் அன்றைக்கே முதல் நம்பர் போட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஜனங்களைக் கேட்பதுதான். அதில் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன், அதைப் பற்றிப் பெருமையும் உண்டு. கூட்டம் போட்டால் சத்தமாகப் பேசுகிறவர் குரல் மட்டும்தான் கேட்கும். பெண்கள் பின்னால் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் நான் கூட்டமே போட மாட்டேன். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரிடமும் தனியாக உட்கார்ந்து, வரைபடத்தை விரித்துக் காட்டிப் பேசுவேன். தனியாகக் கேட்டால் மனசில் இருப்பது தானாக வரும் என்பது என் நம்பிக்கை. ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன்.

அந்த ஊரில் தண்டவாளத்தை ஒட்டி இருந்த பெரிய துண்டு, அங்கே ரயிலடிக் கொல்லை என்று சொல்கிறார்கள், ஒரு பெரியவரின் அப்பா பேரில் இருந்தது. பெரியவருக்கு அறுபது வயது இருக்கும். அவரிடம்தான் முதலில் போனேன். சிவப்புப் பென்சிலால் கோடு போட்ட படத்தைக் காட்டி, இந்த இடம் முடிவானால் உங்கள் அப்பா பேரில் இருக்கும் இந்த நிலம் முழுதும் போகும் என்று விளக்கினேன். இந்த மாதிரி சொல்லும்போது ஆட்கள் கத்துவார்கள், இல்லாவிட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லார்கிட்டயும் கேட்டுக்கினுதான வர்றீங்க மேடம்?"

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறேன், யாரையும் விடவில்லை என்றேன். "அப்ப சரிங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கேப்பைக் கூழ் குடிக்கிறீர்களா என்று விசாரித்தார். நிலம் போகிறது என்று சொன்ன ஆளிடம் கூழ் வாங்கிக் குடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இவருக்கு நிலத்தின் மேல் பெரிய பற்று இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அதே தெருவின் கடைசி வீட்டில் ஒரு அக்கா. ஐம்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் சென்னையில் ஒரு கேன்டீனில் வேலை பார்க்கிறார், மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். விவசாயம் முழுக்க இந்த அக்காதான். பதிவேட்டில் இவர் மாமனார் பேரில் இருந்தது பனைமரத்துக் கொல்லை. அது ஊருக்கு அந்தப் பக்கம், சிவப்புக் கோட்டுக்கு ரொம்ப வெளியே. அந்த ஊரில் நிலம் உள்ளவர் என்கிற முறையில் இவருக்கும் தகவல் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

நல்ல செய்தி சொல்லப் போகிற சந்தோஷத்தில் நான் படத்தை விரித்தேன். "உங்க நிலம் போகாதுக்கா" என்றேன். அவர் படத்தையே பார்த்தார். சிவப்புக் கோடு எங்கே என்று விரல் வைத்துக் கேட்டார். காட்டினேன். இது ரயிலடியா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அவ்வளவுதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. உங்களுக்கு ஒன்றும் ஆகாதுக்கா, ஒன்றும் ஆகாதுக்கா என்று நான் சொல்லச் சொல்ல அழுகை அதிகமானது. பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. நிலம் போகிறவர் கூழ் கொடுக்கிறார், போகாதவர் அழுகிறார். ஸ்கூட்டரில் திண்டிவனம் வரும் வரைக்கும் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் எனக்கு நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். ஆனந்தக் கண்ணீர். பயந்துகொண்டே இருந்திருப்பார், போகாது என்றதும் தாங்கவில்லை. இதை வெறுமனே நினைத்ததோடு விடாமல், பாதிப்பில்லாத நில உரிமையாளர் மகிழ்ச்சி தெரிவித்தார் என்று ரிப்போர்ட்டிலும் எழுதினேன். இப்போது நினைத்தாலும் அந்த வரியை அடித்துவிட்டு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

மூன்று இடத்தில் ஒலக்கூர் பக்கத்து இடம் முதலாவதாக வந்தது. பெரிய துண்டு ஒரே ஆள் பேரில், அவருக்கு ஆட்சேபணை இல்லை, வேறு யாரும் அந்த நிலத்தில் பயிர் வைப்பதில்லை என்று காரணங்களை அடுக்கியிருந்தேன். மேலதிகாரி படித்துவிட்டு, சுத்தமாக இருக்கிறதும்மா என்று பாராட்டினார். ரிப்போர்ட் மேலே போனது.

தை மாதம் பொங்கல் கழித்து அந்த இடத்தில் மண் சோதனை செய்ய மறுபடி போனேன். கூட மிஷின் வண்டியும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். சுற்றிலும் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, சாண் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. மார்கழியில் விதைத்தது. நடுவில் ரயிலடிக் கொல்லை மட்டும் உழாமல் கரம்பாகக் கிடந்தது. கோரையும் எருக்கஞ்செடியும் முளைத்து, மோட்டார் கொட்டகையில் பூட்டுத் தொங்கியது.

எனக்குச் சுருக்கென்றது. ஐயோ, நான் போய்ச் சொன்னதைக் கேட்டுத்தானே பெரியவர் விதைக்காமல் விட்டிருக்கிறார். இன்னும் எதுவுமே முடிவாகவில்லை. முடிவாகி, ஆர்டர் வந்து, நிலம் எடுக்க எத்தனை வருடம் ஆகுமோ யாருக்குத் தெரியும். அதுவரைக்கும் தாராளமாகப் பயிர் வைக்கலாம் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தேடிக்கொண்டு போனேன். வீட்டில், பனைமரத்துக் கொல்லையில் இருக்கிறார் என்றார்கள்.

போய்ப் பார்த்தால் அங்கே மண்வெட்டியும் கையுமாக மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். என் படத்தின்படி அது அந்த அக்காவின் நிலம். எனக்குப் பாவமாகிவிட்டது. சொந்த நிலத்தைக் கரம்பாகப் போட்டுவிட்டு, அறுபது வயதில் அடுத்தவர் கொல்லையில் கூலி வேலை செய்கிறாரே என்று. அதையே அவரிடம் கேட்டும்விட்டேன்.

பெரியவர் மண்வெட்டியை ஊன்றி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூலிக்கா? இது என் கொல்லை மேடம்."

"இது அந்த அக்காவோட நிலம்ங்க."

"அவங்க கொல்லை ரயிலடிலல்ல கீது."

நான் செல்போனை எடுத்து, சர்வே நம்பரைக் காட்டினேன். நம்பர் சரி என்றார். பட்டா யார் பேரில் என்று காட்டினேன். அதுவும் சரி என்றார். அப்படியானால் ரயிலடிக் கொல்லை உங்களுடையதுதானே என்றேன். இல்லை என்றார். வெயில் எனக்கு ஏறிவிட்டதா அவருக்கு ஏறிவிட்டதா என்று தெரியவில்லை. படத்தை நேராகப் பிடித்தேன், தலைகீழாகப் பிடித்தேன், பனைமரத்தை எண்ணினேன். இத்தனை வருட சர்வீசில் வடக்கு எது தெற்கு எது என்று எனக்குச் சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான்.

விவரமாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார்.

"அதுக்கு அந்தம்மா வரணும் மேடம். அவங்க இல்லாம நான் அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

சரி, அக்காவிடமே கேட்கலாம் என்று ஊருக்குள் போனேன். அக்கா வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. பெரியவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, நீங்கள் வர வேண்டுமாம் என்றேன். அப்படியானால் நான் மட்டும் எப்படிச் சொல்வது, அவர் வரட்டும் என்றார். மறுபடி கொல்லைக்குப் போனேன். வரப்பு ஈரமாக இருந்ததால் ஸ்கூட்டரை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடை. மும்முனைக் கரெண்டு நிற்பதற்குள் பாய்ச்சி முடிக்க வேண்டும், இப்போது வர முடியாது என்றார் பெரியவர். மறுபடி அக்கா வீடு. செருப்பில் ஒரு கிலோ சேறு. எனக்குக் கோபமும் வந்துவிட்டது, இது என்னக்கா பெரிய பேஜாராக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன். அவர் தழையைக் கீழே போட்டார்.

"நானா போயி அங்க நின்னா, பங்கு கேக்க வந்துக்கிறான்னு நெனப்பாரு மேடம்."

என்ன பங்கு, யாருக்குப் பங்கு, ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபம் இறங்கிவிட்டது. கையைப் பிடித்து ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு பேரும் வரப்பில் எதிரெதிராக நின்றார்கள்.  பெரியவர், சொல்லட்டுமா தங்கச்சி என்று கேட்டார். அக்கா, சொல்லுங்கண்ணே என்றார். அதற்கப்புறம் கதை மடைதிறந்து வந்தது, இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள்.

முப்பது முப்பத்தைந்து வருடம் முன்பு, பெரியவரின் அப்பாவும் அக்காவின் மாமனாரும் நிலத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவரின் அப்பாவுக்கு நிலம் ரயிலடியில், ஆனால் மாட்டுக் கொட்டகை பனைமரத்துப் பக்கம். மாமனாருக்கு நிலம் பனைமரத்துப் பக்கம், ஆனால் கொட்டகை ரயிலடியில். இரண்டு பேரும் தினமும் ஏர் கட்டிக்கொண்டு ஊரைக் குறுக்கே கடந்து, ஒருவர் நிலத்தைத் தாண்டி இன்னொருவர் நடந்திருக்கிறார்கள். அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருநாள், இது என்ன வீண் நடை, நீ அங்கே வைத்துக்கொள், நான் இங்கே வைத்துக்கொள்கிறேன் என்று பேசி முடித்துவிட்டார்கள். எழுத்து கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. ஒருவர் ஏரை இன்னொருவர் நிலத்தில் ஒரு சுற்று ஓட்டினார்கள், அவ்வளவுதான். பட்டா மட்டும் பழைய பேரிலேயே நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் இப்படி மாற்றிக்கொண்டவர்கள் நிறைய பேர் இருக்கிறார்களாம்.

அந்த அப்பாவும் மாமனாரும் கூடவே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இந்த மாற்றத்தைப் பற்றி வெளி ஆட்களிடம் ஒருவர் தனியாகப் பேசக் கூடாது. பேசினால் இரண்டு பேரும் சேர்ந்து நின்றுதான் பேச வேண்டும். காகிதம் இல்லாத பேச்சு இல்லையா, தனியாகச் சொல்கிறவர் வாய் தன் பக்கமே கொஞ்சம் சாயும். அதனால் அப்படி. அவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகும் பிள்ளைகள் அதை மீறியதில்லை.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். தனியாகக் கேட்டால்தான் மனசில் இருப்பது வரும் என்று பெருமையாக வீடு வீடாகப் போனேனே, இவர்கள் தனியாகக் கேட்டால் சொல்லவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நான் எப்படிக் கேட்டேனோ, அப்படிக் கேட்டதால்தான் உண்மை வரவில்லை.

இதைவிட மோசம், கார்த்திகையிலிருந்து அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. நான் போன நாளிலிருந்து. பெரியவர், ஆபீஸ்காரர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், பட்டா நம் பேரில் இருப்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள், அந்த அம்மாவிடமும் கேட்டிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். அதனால்தான் எல்லாரிடமும் கேட்டீர்களா என்று கேட்டு, சரி என்றார். அக்காவோ, நிலம் காகிதத்தில் அவர் பேரில் இருக்கிறது, அவர் கையெழுத்தும் போட்டுவிட்டார், நாமாகப் போய்க் கேட்டால் நிலத்துக்கு வரும் பணத்தில் பங்கு கேட்கிற மாதிரி, அவரைச் சந்தேகப்பட்டது போல் ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார். ரேஷன் கடையில் பார்த்தால் அவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

அன்றைக்கு வரப்பில் நின்று அதையெல்லாம் கொட்டித் தீர்த்தார்கள். கார்த்திகையிலேயே ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கேடு என்று அக்கா கேட்டார். உன் கொல்லை போகிறது, நீ வந்து கேட்பாய் என்று நான் காத்திருந்தேன் என்று பெரியவர் சொன்னார். குரல் கொஞ்சம் ஏறியது. பிறகு என் பக்கம் திரும்பி, அவர் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"எழுதிக்குங்க மேடம். ரயிலடி அந்தம்மாவோடது. பேரு மட்டுந்தான் எங்க அப்பாவோடது. யாரு கேட்டாலும் அந்தம்மா பக்கத்துல நின்னு இதத்தான் சொல்லுவேன்."

அக்கா அழுதார். இந்தத் தடவை எதற்கு அழுகிறார் என்று நான் எந்த முடிவுக்கும் போகவில்லை.

விழுப்புரம் திரும்பிய பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. பெரியவர் நல்ல மனிதர், சரி. ஆனால் மேலே போன ரிப்போர்ட்டில் அந்த அக்கா எங்கே இருக்கிறார்? பாதிப்பில்லாதவர், மகிழ்ச்சி தெரிவித்தவர். நாளைக்கு அந்த இடமே முடிவாகி, பெரியவருக்கும் ஏதாவது ஆகி, அவர் பிள்ளைகள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், இத்தனை வருடம் உழுத அந்தப் பெண்ணுக்குப் பேச ஒரு வரிகூட இருக்காது. இருக்கிற ஒரே வரி நான் எழுதிய பொய்.

உடனே ஓடிப்போய் மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாள் ஆபீசுக்குப் போனேன், வந்தேன். ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கினால் ஆபீசுக்குக் கெட்ட பேர், எனக்கு வேலையே போகலாம். சட்டப்படி பட்டாதாரர் யாரோ அவரைத்தானே எழுதியிருக்கிறேன், இதில் என் தப்பு என்ன என்று என் மனசே எனக்கு வக்காலத்து வாங்கியது. 

மூன்றாம் நாள் சொன்னேன். மேலதிகாரி ஓய்வு பெறப் போகிற வயசு. நிதானமான மனிதர். டீ ஆறிப்போகும் வரைக்கும் கேட்டார். சட்டப்படி நிலம் யாருடையது என்றார். பெரியவருடையது என்றேன்.

"அப்ப ரிப்போர்ட் சரிதானேம்மா?"

"சரிதான் சார். ஆனா தப்பு."

எனக்குப் புரியவில்லை என்றார் அவர். எனக்கும்தான் சார் என்றேன். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மற்ற இரண்டு இடத்திலும் நீதானே தனித்தனியாகப் போய்க் கேட்டாய் என்று கேட்டார்.  அது எனக்குத் தோன்றவே இல்லை. விழுப்புரம் பக்கம், மயிலம் பக்கம், எல்லாம் அதே முறை, அதே நாற்காலி, அதே சிவப்புப் பென்சில்.

ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கினார். எப்படி வாங்கினார், யாரிடம் என்ன பேச்சுக் கேட்டார் என்று என்னிடம் சொல்லவே இல்லை. மூன்று இடத்துக்கும் நான் மறுபடி போனேன். இந்தத் தடவை ஒவ்வொருவரிடமும், உங்களோடு வேறு யாராவது சேர்ந்து நிற்க வேண்டுமா என்று முதலில் கேட்டேன். விழுப்புரம் பக்கத்தில் ஒரே கிணற்றுக்கு நான்கு வீட்டுக்காரர்கள் கிழமை வைத்து முறை எடுப்பது தெரிந்தது. மயிலம் பக்கத்தில் அண்ணன் பேரில் இருந்த நிலத்தைத் தம்பி பொண்டாட்டி உழுதுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் எது முதல், எது இரண்டாவது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. வரிசை போடத்தான் அனுப்பினார்கள், நான் வரிசையைக் கலைத்துவிட்டு வந்து நின்றேன். நம் பேர் கெட்டாலும் பரவாயில்லை, தெரிந்ததை எழுது, தெரியாததைத் தெரியாது என்று எழுது என்றார் மேலதிகாரி. அந்த மனிதரிடம் வேலை பார்த்தது என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைக்கிறேன்.

மாசிக் கடைசியில் ஒலக்கூர் பக்கத்து ஊருக்குக் கடைசியாகப் போனேன், இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதிய கடிதத்தில் கையெழுத்து வாங்க. பெரியவர் வீட்டு வாசலில் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போட்டார்கள். பெரியவர் போட்டுவிட்டு, அக்கா போடும் வரைக்கும் காகிதத்தின் ஓரத்தைக் காற்றில் பறக்காமல் விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். உள்ளே போய், இந்தத் தடவை மூன்று பேருக்கும் கூழ் கொண்டுவரச் சொன்னார். மனசு லேசாகிவிட்டது எனக்கு. எல்லாம் சரி செய்துவிட்டேன் என்று கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

அக்கா பேனாவை மூடிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப எங்க கொல்லை போவுமா, போவாதா மேடம்?"

 முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். "தெரியலக்கா. எனக்கும் தெரியாது, எங்க ஆபீசுக்கும் தெரியாது. யாரும் இன்னும் முடிவு பண்ணல."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. ரயிலடிப் பக்கம் பார்த்தார். அங்கே பக்கத்துக் கொல்லைகளில் மல்லாட்டை பூத்துக் காய் பிடிக்கிற பருவம்.

"இத கார்த்திகையிலயே சொல்லியிருந்தா, நான் வெதச்சிருப்பனே மேடம்."

அவ்வளவுதான் சொன்னார். கூழ் டம்ளரை எடுத்துக் குடித்தார். எனக்குத்தான் கையில் வாங்கியதைக் குடிக்க முடியவில்லை. நான் பெரிதாக நினைத்துப் பயந்ததெல்லாம் நாளைக்குப் போகப் போகிற நிலத்தைப் பற்றி. அந்த வருடத்து விளைச்சல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அதை ரயில் எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் படத்தை விரித்து, எல்லாம் தெரிந்தவள் மாதிரி அடித்துச் சொன்ன ஒரு பேச்சு எடுத்துக்கொண்டு போனது.

பணிமனை எங்கே வரும் என்று இன்றைக்கு வரைக்கும் முடிவாகவில்லை. வருமா என்பதே தெரியவில்லை. அடுத்த வருடம் மார்கழியில் அக்கா விதைத்துவிட்டார் என்று பெரியவர் போனில் சொன்னார். இப்போதும் யாராவது என் எதிரில் உட்கார்ந்து எங்கள் நிலம் என்ன ஆகும் என்று கேட்டால், பழக்கதோஷத்தில் பதில் நுனிநாக்கு வரைக்கும் வந்து நிற்கும். அந்த ஒரு கரம்பு ஞாபகம் வரும். தெரியாது, நீங்கள் விதையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் படத்தை விரிக்கிறேன்.